சிறுகுறிஞ்சான் பொடியும் கிளிமெபிரைடும் சேர்ந்ததால் அப்பாவுக்குச் சர்க்கரை 52 ஆக இறங்கியதா?

கேள்வி
பதிவிட்டவர்: ஒரு மகள், பாபநாசம்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 68. 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. கிளிமெபிரைடு 1 மில்லிகிராமும் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராமும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் சாப்பிடுகிறார்; இரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலால் தனியாக உண்டு. மூன்று மாதங்களுக்கு முன் எடுத்த எச்பிஏ1சி என்ற, சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனையில் 8.1 என்று வந்ததால், மருத்துவர் உணவில் கவனமாக இருக்கச் சொல்லி, அதே மாத்திரைகளைத் தொடரச் சொல்லியிருந்தார்.

இதற்கிடையில் என் பெரியப்பா, தமக்குப் பலன் தந்தது என்று சொல்லி, நாட்டு மருந்துக் கடையில் சிறுகுறிஞ்சான், நாவற்கொட்டை, ஆவாரம்பூ, வெந்தயம் ஆகியவற்றைச் சேர்த்து அரைத்துத் தந்த பொடியை வாங்கிக் கொடுத்தார். காலை மாலை ஒரு தேக்கரண்டி பொடியும், வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் பாகற்காய்ச் சாறும் என்று அப்பா தொடங்கினார். இரண்டே வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 160-இலிருந்து 110-க்கு வந்ததில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அந்த உற்சாகத்தில் அப்பா இரவு உணவையும் இரண்டு இட்லியாகக் குறைத்துக்கொண்டார்.

நான்காவது வாரத்தில் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு அம்மா என்னை எழுப்பினார். அப்பாவின் பனியன் தண்ணீரில் நனைத்துப் பிழிந்ததுபோல் இருந்தது. "மாட்டுக் கொட்டகையை யார் பூட்டியது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார், எங்கள் வீட்டில் மாடு இருந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. குளுக்கோமீட்டரில் பார்த்தபோது 52. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து இருபது நிமிடம் ஆன பிறகுதான் எங்களை அடையாளம் கண்டு பேசினார். இரண்டு நாள் கழித்து ஒரு மாலையில் மீண்டும் 61 வந்தது.

இப்போது பெரியப்பா, "பொடி வேலை செய்கிறது, அதனால் இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்கிறார். அப்பாவோ, மருத்துவர் திட்டுவார் என்று பொடியைப் பற்றி அவரிடம் இதுவரை வாய் திறக்கவில்லை. நான் கேட்க விரும்புவது இதுதான். சர்க்கரை இப்படி இறங்கியது மாத்திரையாலா, பொடியாலா? எதை நிறுத்துவது? இரண்டுக்கும் இடையில் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும் என்று சிலர் சொல்வது சரியா?


மறுமொழி 1
பதிவிட்டவர்: மருந்தாளுநர், திருச்சி

அம்மா, முதலில் உடனே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பொடியையும் பாகற்காய்ச் சாற்றையும் இன்றே நிறுத்துங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், அடுத்த முறை போகும் நாள் வரை காத்திருக்காமல், இன்றே மருத்துவரை அழைத்து 52, 61 என்ற இரண்டு எண்களையும், அவை வந்த நேரத்தையும், பொடியின் பெயரையும் சொல்லுங்கள். மாத்திரையின் அளவைக் குறைப்பதா, வேறு மாத்திரைக்கு மாற்றுவதா என்று அவர் முடிவு செய்யட்டும். அதுவரை அப்பா ஒரு வேளை உணவைத் தவிர்த்தாலோ, பசியில்லை என்று பாதியில் எழுந்தாலோ, அந்த வேளை மாத்திரையைக் கொடுக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

மாத்திரையாலா பொடியாலா என்ற கேள்விக்கு, இரண்டும் சேர்ந்ததால் என்பதே பெரும்பாலும் சரியான விடையாக இருக்கும். உங்கள் அப்பா ஒரே மாத்திரை என்று நினைத்துச் சாப்பிடுவதற்குள் இரண்டு மருந்துகள் இருக்கின்றன. மெட்ஃபார்மின், கல்லீரல் சர்க்கரையை உற்பத்தி செய்வதைக் குறைக்கிறது. தனியாகச் சாப்பிடும்போது அது சர்க்கரையை அபாயகரமான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிமெபிரைடு அப்படியல்ல. அது சல்ஃபோனைல்யூரியா வகையைச் சேர்ந்தது. இரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று பார்க்காமல் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு, கிளிபிசைடு ஆகியவையும் இதே குடும்பம். சிறுகுறிஞ்சானும் இன்சுலின் சுரப்பைத் தூண்டுவதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. ஏற்கெனவே விரட்டப்படும் மாட்டை இன்னொருவரும் பின்னாலிருந்து விரட்டுவதுபோல்தான் இது. அதோடு இரவு உணவும் இரண்டு இட்லியாகிவிட்டது.

மூலிகையில் மருந்துச் சத்து இல்லை என்று நான் சொல்லவரவில்லை. இருப்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மாத்திரை சாப்பிட்டுவந்த 22 நோயாளிகளுக்குச் சிறுகுறிஞ்சான் இலைச் சாரத்தை நாளுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதங்கள் கொடுத்தபோது, அவர்களில் ஐவரால் மாத்திரையையே விட முடிந்தது. பெரியப்பா இதைப் படித்தால் தமக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்வார். ஆனால் அங்கே சாரம் அளந்து கொடுக்கப்பட்டது, இரத்தப் பரிசோதனை தொடர்ந்து நடந்தது, மாத்திரையின் அளவும் அதற்கேற்பக் குறைக்கப்பட்டது. உங்கள் வீட்டில் மாத்திரையின் அளவு அப்படியே இருக்க, அதன்மேல் எவ்வளவு சத்து உள்ளது என்று யாருக்கும் தெரியாத ஒரு தேக்கரண்டிப் பொடி ஏறியது.

பாகற்காயைப் பற்றியும் பழைய பதிவு ஒன்று உண்டு. சல்ஃபோனைல்யூரியா குடும்பத்தின் மூத்த மருந்தான குளோர்புரோபமைடைச் சாப்பிட்டுவந்த, இங்கிலாந்தில் வாழ்ந்த பாகிஸ்தானியப் பெண் ஒருவருக்குப் பாகற்காய்க் கறி சாப்பிட்ட நாட்களில் மட்டும் சிறுநீரில் சர்க்கரை குறைந்ததை 1979-இல் லான்செட் என்ற மருத்துவ இதழ் வெளியிட்டது. கறியாகவோ பொரியலாகவோ வாரத்தில் இரண்டு நாள் சாப்பிடுவதைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். நான்கைந்து காயை அரைத்துப் பிழிந்து, வெறும் வயிற்றில் நாள்தோறும் குடிப்பது உணவு என்ற கணக்கிலிருந்து மருந்து என்ற கணக்குக்குப் போய்விடுகிறது.

அட்டெனோலாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சர்க்கரை இறங்கும்போது நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும் என்று எல்லோரும் கற்றுவைத்திருக்கிறோம். அட்டெனோலால் போன்ற மருந்துகள் அந்தப் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடக்கூடும். வியர்வையை அவை மறைப்பதில்லை. அந்த நனைந்த பனியனை உங்கள் அம்மா கவனித்தது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அவரிடம் சொல்லுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சல்ஃபோனைல்யூரியாவால் இறங்கிய சர்க்கரை, சர்க்கரைத் தண்ணீர் குடித்து ஏறிய பின்னும் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். 70-க்குக் கீழே வந்தால் 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்து, ஏறிய பிறகு இட்லியோ சோறோ உண்ணவைத்து, அன்று முழுவதும் சில மணிக்கொரு முறை சோதியுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். 108-ஐ அழையுங்கள். அப்பாவின் சிறுநீரகச் செயல்பாட்டை அறியக் கிரியேட்டினின் பரிசோதனை எப்போது எடுத்தீர்கள் என்றும் பாருங்கள். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இந்த மாத்திரைகள் உடலில் நீண்ட நேரம் தங்கும்.


மறுமொழி 2
பதிவிட்டவர்: அம்மாவைப் பராமரிப்பவர், கோவில்பட்டி

மருந்தாளுநர் ஐயா சொன்னதோடு எங்கள் வீட்டில் நடந்ததையும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன், ஏனென்றால் இதை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. என் அம்மா கிளிமெபிரைடுடன் வோக்லிபோஸ் என்ற மாத்திரையையும் சாப்பிடுகிறார். சென்ற ஆண்டு ஒரு மதியம் சர்க்கரை 58 ஆக இறங்கியபோது நாங்கள் வீட்டுச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 60. மறுபடி கொடுத்தோம், 63. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் காரணம் தெரிந்தது. வோக்லிபோஸ், அகார்போஸ் ஆகிய மாத்திரைகள், நாம் சாப்பிடும் சர்க்கரையும் மாவுப்பொருளும் குடலில் உடைவதையே தாமதப்படுத்துகின்றன. அதனால் மளிகைக்கடைச் சர்க்கரை அந்த நேரத்தில் மெதுவாகத்தான் இரத்தத்தில் ஏறும். மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடியை உடைக்க வேண்டிய தேவையே இல்லாததால் அது நேராக உறிஞ்சப்படுகிறது. அன்று முதல் அம்மாவின் தலையணைக்கு அருகே ஒரு குளுக்கோஸ் பொட்டலமும், பூஜை அறையில் ஒன்றும், என் கைப்பையில் ஒன்றுமாக வைத்திருக்கிறேன்.

சிறுகுறிஞ்சானைப் பற்றியும் ஒன்று. அந்த இலையைப் பச்சையாக மென்றால் சிறிது நேரம் நாக்கில் இனிப்பே தெரியாது. சர்க்கரையை வாயில் போட்டால் மணலைப் போல் இருக்கும். சர்க்கரைக்கொல்லி என்று அதற்கு வேறு பெயர் வந்ததும் அதனால்தான். என் அம்மா இலையை மென்ற ஒரு நாள், குளுக்கோஸ் கொடுத்தபோது "இது இனிக்கவே இல்லை, ஏதோ மாவைக் கரைத்துக் கொடுத்து ஏமாற்றுகிறாய்" என்று துப்பிவிட்டார். இனிப்பு தெரியாவிட்டாலும் குளுக்கோஸ் தன் வேலையைச் செய்யும் என்று அவருக்கு முன்பே சொல்லிவைத்திருந்தால் அந்தப் பத்து நிமிடம் வீணாகியிருக்காது.


மறுமொழி 3
பதிவிட்டவர்: சித்த மருத்துவர், பாளையங்கோட்டை

நான் இத்துறையைச் சேர்ந்தவன் என்பதால், இந்தக் கேள்வியைப் படித்தபோது எனக்கு மிகுந்த வருத்தம் ஏற்பட்டது. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று சொல்லும் மக்கள் நாம். நீரிழிவுக்கு ஆவாரைக் குடிநீரை, அதாவது கஷாயத்தை, நானும் எழுதுகிறேன். ஆனால் ஒருவருக்கு எழுதும் முன் அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் மேசைமேல் வைக்கச் சொல்லி, பின்புறத்தில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்காமல் நான் எழுதுவதில்லை. சல்ஃபோனைல்யூரியா அல்லது இன்சுலின் இருந்தால், அவருடைய நவீன மருத்துவருக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்து, முதல் சில வாரங்களுக்கு வெறும் வயிற்றிலும் உணவுக்குப் பின்னும் சர்க்கரையைச் சோதித்து எழுதிவரச் சொல்வேன். தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவப் பிரிவு அதே வளாகத்தில் இயங்குவதால், இரு தரப்பும் பேசிக்கொள்வது கடினமான காரியமில்லை. நோயாளி மறைத்தால்தான் கடினமாகிறது.

இடைவெளி பற்றிய உங்கள் கேள்வி மிக நல்ல கேள்வி, ஏனென்றால் இந்த அறிவுரை பாதி சரி என்பதால்தான் இவ்வளவு பரவியிருக்கிறது. வெந்தயத்தைத் தண்ணீரில் ஊறவைத்தால் கொழகொழவென்று ஒரு பசை வருகிறதே, அந்த நார்ச்சத்து உணவின் சர்க்கரையை மட்டுமல்லாமல், கூடவே விழுங்கும் மாத்திரையையும் மெதுவாகவே உறிஞ்சவிடக்கூடும். இசப்கோல் உமியும் அப்படித்தான். இங்கே ஒன்றிரண்டு மணி நேர இடைவெளி உதவும். ஆனால் சிறுகுறிஞ்சானும் கிளிமெபிரைடும் குடலில் மோதிக்கொள்வதில்லை. இரண்டும் தனித்தனியே உள்ளே போய், இரத்தத்தில் ஒரே விளைவைக் கூட்டுகின்றன. கிளிமெபிரைடின் வேலை ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் நீடிப்பதால், காலைக்கும் மாலைக்கும் இடையே எத்தனை மணி நேரம் விட்டாலும் அந்தக் கூட்டலிலிருந்து தப்ப முடியாது.

கடையில் அரைத்துத் தந்த பொடி என்கிறீர்கள். உரிமம் பெற்ற சித்த மருந்தின் புட்டியில் சரக்குகளின் பட்டியல், உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். நெகிழிப் பையில் கட்டித் தந்த பொடியில் இவற்றில் எதுவும் இருக்காது. சூரணம் என்னும் பொடிக்கு மூன்று மாதம், குடிநீருக்கு மூன்று மணி நேரம் என்று எங்கள் மரபே ஆயுட்காலம் வகுத்திருக்கிறது. ஒரு நாள் காய்ச்சிய கஷாயத்தைக் குளிர்பெட்டியில் வைத்து வாரம் முழுவதும் குடிப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

இதைவிடக் கடுமையான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். "நூறு சதவீதம் மூலிகை" என்று விற்கப்படும் பொருட்களுக்குள் ஆங்கில மருந்தையே கலந்து விற்ற நிகழ்வுகள் பல நாடுகளில் பிடிபட்டுள்ளன. 2008-இல் சிங்கப்பூரில், ஆண்மைக் குறைவுக்கென்று விற்ற சட்டவிரோத மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு கலந்திருந்ததால், சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் சர்க்கரை மிகவும் இறங்கி மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். எந்தப் பொடியாவது இரண்டு நாளில் மாத்திரையைப் போல் சர்க்கரையை இறக்கினால் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை, சந்தேகம்தான் வருகிறது. உங்கள் பொடி அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. மீதமுள்ள பொடியை எறிந்துவிடாமல் உறையில் போட்டு மூடி வைத்திருங்கள். மருத்துவர் கேட்டால் காட்டலாம். மேலும், நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் சட்டம், சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே தடை செய்கிறது. சுவரொட்டியில் "நிரந்தரத் தீர்வு" என்று பார்த்தால் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரகத்தைப் பற்றி மருந்தாளுநர் எழுதியதை நான் வலியுறுத்துகிறேன். மெட்ஃபார்மின் மாறாமல் அப்படியே சிறுநீரகத்தின் வழியாக வெளியேறும் மருந்து. கேரளத்தில் பிலிம்பி என்ற புளிப்புக் காயின் சாற்றைச் செறிவாகக் குடித்த பத்துப் பேருக்கு, அதிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பு படிந்து சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததை 2013-இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அப்படி ஒரு சாறு சிறுநீரகத்தைக் கெடுத்தால், சர்க்கரையை அது தொடாவிட்டாலும், மெட்ஃபார்மின் உடலில் தேங்கி இரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடும் அபாயம் வருகிறது. டபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் போன்ற, சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள், நிலாவரை போன்ற பேதி மருந்துகளையோ, நெருஞ்சில் போன்ற சிறுநீர் பெருக்கிகளையோ தாமாகச் சேர்த்துக்கொண்டால் உடல் நீர் வற்றிவிடும். அதிமதுரத்தை இருமலுக்கு இரண்டு நாள் சுவைப்பது வேறு. மாதக்கணக்கில் கஷாயமாகக் குடித்தால் பொட்டாசியம் குறைந்து இரத்த அழுத்தம் ஏறும், சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காது.

கடைசியாக, மாத்திரையை நிறுத்தும் யோசனைக்கு நானும் உடன்படவில்லை. பொடி வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரமாக நீங்கள் பார்த்த 110 என்ற எண், மாத்திரையும் உள்ளே இருந்தபோது வந்தது. மாத்திரை இல்லாமல் பொடியால் மட்டும் என்ன வரும் என்பதை உங்கள் அப்பாவின் உடலில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.


கேள்வி கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் மறுமொழியைப் படித்த அன்றே மருத்துவரிடம் அப்பாவை அழைத்துப் போனேன். பொடிப் பையை மேசைமேல் வைத்தபோது அப்பா தலை நிமிரவில்லை. மருத்துவர் திட்டவில்லை, "இதை முதல் நாளே சொல்லியிருந்தால் மாத்திரையை நான் குறைத்திருப்பேனே" என்று மட்டும் சொன்னார். கிரியேட்டினின் இயல்பைவிடக் கூடுதலாக 1.5 இருந்தது, ஓராண்டாக நாங்கள் அதைச் சோதிக்கவே இல்லை. கிளிமெபிரைடை நிறுத்தி, மெட்ஃபார்மினைத் தனி மாத்திரையாக அளவு பார்த்துத் தொடர்ந்து, லினாகிளிப்டின் என்ற வேறு மாத்திரையைச் சேர்த்திருக்கிறார். இரவு உணவைப் பழைய அளவுக்குக் கொண்டுவரச் சொன்னார். பத்து நாட்களாகக் காலைச் சர்க்கரை 118-க்கும் 140-க்கும் இடையில் இருக்கிறது. 70-க்குக் கீழே ஒரு முறையும் போகவில்லை.

இரண்டு கேள்விகள் மீதமிருக்கின்றன. அப்பா சாம்பாரில் வெந்தயமும், வாரம் ஒரு முறை பாகற்காய்ப் பொரியலும் சாப்பிடலாமா? இன்னொன்று, பெரியப்பாவும் அதே பொடியைத்தான் சாப்பிடுகிறார். அவர் இரவில் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.


மறுமொழி 4
பதிவிட்டவர்: மருந்தாளுநர், திருச்சி

தாளிக்கும் வெந்தயத்துக்கும் பொரியலுக்கும் எந்தத் தடையும் இல்லை, மகிழ்ச்சியாகச் சாப்பிடட்டும். நடந்ததை மருந்து எதிர்விளைவாகப் பதிவு செய்யும்படி மருத்துவரிடம் கேளுங்கள், அல்லது மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம்.

பெரியப்பாவின் நிலைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. இன்சுலினும் உணவைப் பார்த்து நிற்கும் மருந்தல்ல. அவரிடம் பொடி கெட்டது என்று வாதிடப் போகாதீர்கள். தம்பிக்கு நல்லது நினைத்துக் கொடுத்தவர், மனம் புண்படும். குளுக்கோமீட்டரை எடுத்துக்கொண்டு போய், மூன்று இரவுகள் மட்டும், இரவு மூன்று மணிக்கு ஒரு முறை சோதித்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். எண் 70-க்குக் கீழே வந்தால் அதே விடியலில் அவருடைய மருத்துவரை அழைக்கலாம். வராவிட்டாலும் அந்த எண்களை எழுதிய சீட்டோடும் பொடிப் பையோடும் அந்த வாரத்துக்குள் ஒரு முறை போய்வரச் சொல்லுங்கள். உங்கள் அப்பாவே கூடப் போனால் இன்னும் நல்லது.